கொடி மாறிற்று, குறிக்கோள்?

1901-ம் ஆண்டு ஏப்ரல் 19-ம் நாள் மணிலா நகரிலிருந்து ஓர் அறிக்கை வெளிவந்தது. சிந்திய இரத்தம் போதும், இனிப் போரை நிறுத்தி அமெரிக்க ஆட்சியை ஏற்றுக்கொள்வதே நாட்டுக்கு நல்லது என்று பிலிப்பைன் மக்களுக்கு அது அறிவுரை கூறிற்று. கூறியவர் அமெரிக்கப் படைத்தலைவரல்லர். அங்கி அணிந்த பாதிரியாருமல்லர். ஆயிரம் ஏக்கர் ஆளும் நிலப்பிரபுவுமல்லர். எவரைத் தங்கள் விடுதலையின் வடிவம் என்று அந்த மக்கள் நம்பினரோ, எவர் பெயரைச் சொல்லிக் காட்டிலும் மேட்டிலும் உயிர் நீத்தனரோ, அந்த எமிலியோ அகினால்டோ!

ஸ்பெயின் ஆட்சியில் தம் சொந்த ஊரின் நகராட்சித் தலைவராக இருந்தவர் அவர். 1896-ல் அதே ஸ்பெயினை எதிர்த்து வாளெடுத்தார். 1897 இறுதியில் அதே ஸ்பெயினிடம் பணம் பெற்றுக்கொண்டு நாட்டை விட்டுச் சென்றார். 1898-ல் அமெரிக்கக் கப்பலில் ஏறித் திரும்பினார். 1899-ல் அதே அமெரிக்காவுடன் போரிட்டார். 1901-ல் அதே அமெரிக்காவுக்கு உண்மையாயிருப்பேன் என்று உறுதிமொழி இட்டார். 1942-ல் ஜப்பானியர் நுழைந்தபோது அவர்கள் பக்கம் நின்று வானொலியில் பேசினார். ஒரே மனிதர்! எத்தனை கொடிகள்! எத்தனை வணக்கங்கள்!

வீரரா, துரோகியா? வகுப்பில் வரலாறு சொல்லும்போது பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பிள்ளைகள் கேட்கலாம், வளர்ந்தவர்களும் அதே கேள்வியோடு நின்றுவிடுவதுதான் வேடிக்கை. நாம் வேறொரு கேள்வி கேட்க விரும்புகிறோம். ஒரு மனிதர் மனம் மாறினால் ஒரு நாட்டின் விடுதலையே ஆட்டம் காணும் என்ற நிலை எப்படி வந்தது? அதற்கு விடை காண, அந்தத் தீவுகளின் கதையைச் சற்று முன்னிருந்தே பார்க்க வேண்டும்.

பிலிப்பைன் தீவுகளை ஸ்பெயின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. ஆண்டது ஸ்பெயின் என்பது ஏட்டில் உள்ள கணக்கு. ஊர்தோறும் ஆண்டவர்கள் துறவி மடங்களைச் சேர்ந்த ஸ்பானியப் பாதிரிமார்! பள்ளியை மேற்பார்ப்பவர் அவர். நன்னடத்தைச் சான்று தருபவர் அவர். ஊர்த் தேர்தலில் யார் நிற்பது என்று முணுமுணுப்பவரும் அவரே. அகினால்டோ பிறந்த கவீத்தே மாநிலத்தின் வளமான வயல்களில் பெரும்பகுதி மடங்களுக்குச் சொந்தம். உழுதவனுக்கு மிஞ்சியது குத்தகைக் கடன். சொந்த நாட்டுக் குருமாருக்கும் சம உரிமை வேண்டும் என்ற கோரிக்கையோடு பெயர் இணைந்திருந்த கோமேஸ், பூர்கோஸ், சமோரா என்ற மூன்று குருமாரை 1872 பிப்ரவரி 17-ல் கழுத்தை இறுக்கிக் கொன்றது அந்த ஆட்சி. அன்புமதம் ஆளுகையில் அமர்ந்தபோது அதன் கையில் இருந்தது சிலுவை மட்டுமல்ல, சுருக்குக் கயிறும்தான்!

இந்தக் கொடுமையைக் கண்டு கொதித்தெழுந்தவர் ஆந்திரேஸ் போனிபாசியோ. மணிலாவின் ஏழைப் பகுதியான தோண்டோவில் பிறந்தவர். கைத்தடியும் விசிறியும் செய்து விற்றவர். வணிக நிறுவனத்தின் பண்டகசாலையில் வேலை பார்த்தவர். கல்லூரி காணாதவர், ஆனால் பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றைத் தாமே தேடிப் படித்தவர். 1892 ஜூலை 7-ல் அவரும் தோழர்களும் கத்திப்புனான் என்ற இரகசியக் கழகத்தைத் தொடங்கினர். 1896 ஆகஸ்டில் புரட்சி வெடித்தது. அவ்வாண்டு டிசம்பர் 30-ல் அறிஞர் ஹோசே ரிசாலைச் சுட்டுக் கொன்றது ஸ்பெயின். நெருப்பை அணைக்க எண்ணெய் ஊற்றிய அறிவிலிகள்!

கவீத்தேயில் வென்று புகழ் பெற்றார் இளம் அகினால்டோ. வசதியுள்ள குடும்பம், ஊரறிந்த பெயர், போர்க்களத்தில் துணிவு. எல்லாம் இருந்தன. 1897 மார்ச் 22-ல், அவருடைய இருபத்தெட்டாம் பிறந்த நாளன்று, தெஹேரோஸ் என்ற இடத்தில் புரட்சியாளர் கூட்டம் கூடிற்று. அகினால்டோ போர்முனையில் இருந்தார். ஆயினும் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கழகத்தைக் கட்டிய போனிபாசியோவுக்குக் கிடைத்தது உள்துறை. அதையும் பொறுக்கவில்லை ஒருவருக்கு! டேனியல் டிரோனா எழுந்து, அந்தப் பதவி வழக்கறிஞர் ஒருவருக்கே தகும், போனிபாசியோவுக்குத் தகாது என்றார்.

நண்பர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். சாகும்போது பட்டம் கேட்கவில்லை. சுடும்போது சான்றிதழ் கேட்கவில்லை. கழகம் அமைக்கும்போது கல்லூரி கேட்கவில்லை. நாற்காலி வந்ததும் கேட்டார்கள்! உழைப்பவன் படை திரட்டலாம், படித்தவன்தான் பதவி வகிக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லில் புரட்சி இரண்டாகப் பிளந்தது. சினங்கொண்ட போனிபாசியோ கைத்துப்பாக்கியை உருவினார். கூட்டத்தின் முடிவுகள் செல்லாதென்று அறிவித்து வெளியேறினார். சில வாரங்களில் அகினால்டோவின் ஆட்கள் அவரைக் காயப்படுத்திப் பிடித்தனர். போர் மன்றம் மரண தண்டனை விதித்தது. அதை நாடுகடத்தலாக மாற்றினார் அகினால்டோ; சுற்றியிருந்த தளபதிகள் வற்புறுத்தவே அந்தக் கருணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1897 மே 10-ல் மரகொண்டோன் மலைப்பக்கத்தில் போனிபாசியோவும் அவர் தம்பி புரோகோப்பியோவும் கொல்லப்பட்டனர். சுட்டவர்கள் ஸ்பானியரல்லர், புரட்சிப் படையினர்!

அகினால்டோ கொடி மாறினார் என்று பேசுவோர் 1901-லிருந்து கணக்கைத் தொடங்குகின்றனர். நாமோ இங்கிருந்து தொடங்குகிறோம். அன்று மாறியது கொடியல்ல. கொடி அப்படியேதான் பறந்தது. கொடியின்கீழ் யாருக்கு இடம் என்பது மாறிற்று.

அதே ஆண்டு முடிவதற்குள் பியாக்-நா-பாத்தோ மலைக்குகைப் பகுதியில் ஸ்பெயினுடன் உடன்பாடு ஏற்பட்டது. நடுவராக நின்றவர் பேட்ரோ பத்தெர்னோ என்ற செல்வச் சீமான். ஆயுதங்களை ஒப்படைத்துத் தலைவர்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அவர்களுக்கு மூன்று தவணைகளில் 8 இலட்சம் பெசோ தரப்படும். முதல் தவணையான 4 இலட்சத்துடன் 1897 டிசம்பர் இறுதியில் ஹாங்காங் சென்றார் அகினால்டோ. விலைபோனார் என்று சொல்லிவிடலாம், அவசரப்பட வேண்டாம். பணத்தை அவர் பங்கு போட்டுத் தின்னவில்லை. ஆயுதம் வாங்குவதற்கென்று வங்கியில் இட்டு வைத்தார். பங்கு கேட்டுத் தோழர் ஒருவர் தொடுத்த வழக்கு அவரை ஹாங்காங்கிலிருந்தே விரட்டிற்று. ஸ்பெயினும் வாக்களித்த சீர்திருத்தங்களைச் செய்யவில்லை. இருதரப்பும் ஒப்பமிட்டன, இருதரப்பும் நம்பவில்லை! அந்தக் கையெழுத்துக்கு முன் உழவனையோ, காட்டில் காவல் நின்ற போர்வீரனையோ யார் கேட்டார்கள் என்பதே நாம் எழுப்பும் வினா.

1898-ல் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. மே 1-ம் நாள் மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பற்படையை அமெரிக்கத் தளபதி டியூயி அழித்தார். சிங்கப்பூரில் அமெரிக்கத் தூதர் பிராட்டைச் சந்தித்துப் பேசியிருந்த அகினால்டோ, டியூயி அனுப்பிய கப்பலில் மே 19-ல் கவீத்தே வந்திறங்கினார். விடுதலைக்கு உதவுவதாக வாக்களித்தார்கள் என்றார் அகினால்டோ. அப்படி எந்த வாக்கும் தரவில்லை என்று பிற்பாடு மறுத்தார்கள் அமெரிக்கர். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஒரு நாட்டின் தலைவிதி வாய்ச்சொல்லில் தொங்கிற்று!

ஜூன் 12-ல் காவிட் ஊரில், அகினால்டோவின் வீட்டில், விடுதலை முழங்கப்பட்டது. மக்கள் ஆர்ப்பரித்தனர். ஆறு நாட்களுக்குப்பின் வந்த ஆணையைப் பாருங்கள்: ஊராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை நற்குணமும் சமுதாய அந்தஸ்தும் நன்னடத்தையும் உடையோருக்கே உரியதாயிற்று. மடத்து வயலில் உழன்றவனுக்கு ஏது அந்தஸ்து? வாளேந்த வா என்றது புரட்சி. வாக்களிக்க வராதே என்றது ஆணை!

ஆகஸ்டு 13-ல் மணிலாவில் ஒரு நாடகம் நடந்தது. ஸ்பானியரும் அமெரிக்கரும் முன்னரே பேசி வைத்துக்கொண்டு பெயரளவுக்குப் போரிட்டனர், ஸ்பெயின் சரணடைந்தது. நகரைச் சுற்றி வளைத்து நின்ற பிலிப்பைன் படைக்கு நகருக்குள் இடமில்லை. டிசம்பர் 10-ல் பாரிஸ் உடன்படிக்கை. 2 கோடி டாலர் பெற்றுக்கொண்டு தீவுகளை அமெரிக்காவிடம் கொடுத்தது ஸ்பெயின். விற்றவனுக்கு உரிமையில்லை; வாங்கியவனுக்கு வெட்கமில்லை; விற்கப்பட்டவனுக்குச் செய்தியில்லை!

1899 ஜனவரி 23-ல் மாலோலோஸ் நகரில் குடியரசு தோன்றிற்று, அகினால்டோ தலைவர். பிப்ரவரி 4-ம் நாள் இரவு அமெரிக்கருடன் போர் தொடங்கிற்று. இந்தப் போரில் அகினால்டோவுக்கு இரண்டு தூண்கள் இருந்தன. ஒருவர் அப்போலினாரியோ மாபினி. உழவர் குடும்பத்துப் பிள்ளை, கால்கள் செயலிழந்தவர், அறிவால் புரட்சியை நடத்தியவர். மற்றவர் அந்தோனியோ லூனா. ஸ்பெயினில் கற்ற வேதியல் வல்லுநர், கட்டுப்பாடு மிக்க படையை உருவாக்க முயன்றவர், கடுஞ்சினக்காரர். அமெரிக்க ஆட்சிக்குள் தன்னாட்சி போதும் என்ற சீமான்கள் மே மாதத்தில் மாபினியை வீழ்த்தி, பியாக்-நா-பாத்தோ புகழ் பத்தெர்னோவை அமர்த்தினர். ஜூன் 5-ல் கபனத்துவான் நகருக்கு வந்த லூனாவை, அகினால்டோவின் ஊரைச் சேர்ந்த காவற்படையினரே வெட்டியும் சுட்டும் கொன்றனர். அகினால்டோ அங்கில்லை. கொன்றவர்கள் தண்டிக்கப்படவும் இல்லை. எதிரி பாதி வேலையை முடிப்பதற்குள் மறுபாதியை இவர்களே முடித்துக் கொடுத்தனர்!

பின்னர் நடந்தது நீண்ட ஓட்டம். 1899 டிசம்பர் 2-ல் திராத் கணவாயில் கிரகோரியோ டெல் பிலார் என்ற இளந்தளபதி சிறு படையோடு நின்று மடிந்தார், தலைவர் தப்பினார். 1901 மார்ச்சில் பலானன் என்ற எட்டாக் கடலோர ஊரில் இருந்தார் அகினால்டோ. துணைப்படை கேட்டு அவர் அனுப்பிய மடல்கள் அமெரிக்கர் கையில் சிக்கின. பன்ஸ்டன் என்ற தளபதி சூழ்ச்சி வகுத்தார். மக்கபேபே ஊரைச் சேர்ந்த எண்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் புரட்சிப் படைபோல் வேடமிட்டனர். பன்ஸ்டனும் நான்கு அமெரிக்க அதிகாரிகளும் அவர்களிடம் சிக்கிய கைதிகள்போல் நடித்தனர். வழியில் பசியால் வாடியபோது அகினால்டோவே அவர்களுக்கு உணவு அனுப்பினார். மார்ச் 23-ல் உணவு உண்ட கைகள் அவரைப் பிடித்தன.

மக்கபேபே மக்களும் அந்த மண்ணின் மைந்தர்கள்தாம்! ஸ்பெயினுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டவர்கள். தகாலர் கையில் ஆட்சி போவதை அஞ்சியவர்கள். அவர்களைத் துரோகிகள் என்று வைவது எளிது. விடுதலை நமக்கும் உண்டு என்று அவர்கள் நம்பும்படி அந்தக் குடியரசு ஏதேனும் செய்ததா என்று கேட்பதுதான் கடினம்.

பிடிபட்ட ஒன்பதாம் நாள், ஏப்ரல் 1-ல், அமெரிக்காவுக்கு உறுதிமொழி அளித்தார் அகினால்டோ. 19-ல் அறிக்கை. போர் முடிந்ததா? இல்லை! மிகேல் மால்வார் என்ற தளபதி 1902 ஏப்ரல் வரை போரிட்டார். 1901 செப்டம்பரில் சமார் தீவின் பலங்கீகா ஊரில் அமெரிக்கப் படை தாக்கப்பட்டதும், அந்தத் தீவையே பாலைவனமாக்க ஆணையிட்டார் ஜேக்கப் ஸ்மித் என்ற தளபதி. பத்தங்காஸ் மாநிலத்தில் ஊரார் வேலிக்குள் அடைக்கப்பட்டனர். வெளியே இருந்த நெல் எரிந்தது, உள்ளே இருந்தவர்களை நோய் தின்றது. போர் முழுவதிலும் மாண்ட அமெரிக்கர் ஏறத்தாழ 4,200. பிலிப்பைன் வீரர் ஏறத்தாழ 20,000. பஞ்சத்தாலும் கொள்ளைநோயாலும் மடிந்த பொதுமக்களோ 2 இலட்சத்துக்குக் குறையாது. தலைவர் இட்ட கையெழுத்து அவரைக் காத்தது. வேலிக்குள் கிடந்தவனைக் காக்கவில்லை.

போனிபாசியோவின் தோழர் ஒருவர் இருந்தார். மக்காரியோ சக்காய், தோண்டோவில் முடிதிருத்தும் தொழில் செய்தவர், நாடகத்தில் நடித்தவர். மலையேறிப் போரைத் தொடர்ந்தார். அவரைக் கொள்ளைக்காரன் என்றது அமெரிக்கச் சட்டம். 1906-ல் பேச்சுவார்த்தையை நம்பி இறங்கி வந்தார். 1907 செப்டம்பர் 13-ல் தூக்கிலிட்டனர். சீமான்கள் சரணடைந்தால் பதவி. சிகை திருத்துபவர் சரணடைந்தால் தூக்கு! அதற்கிடையில், 1903-ல், மடங்களிடமிருந்து ஏறத்தாழ 4 இலட்சம் ஏக்கர் நிலத்தை அமெரிக்க ஆட்சி விலைக்கு வாங்கிற்று. அதில் பெரும்பகுதி விலை கொடுக்க வல்லவர் கைக்கே போய்ச் சேர்ந்தது. பாதிரியார் போனார், பண்ணையார் வந்தார், உழவன் வரப்பிலேயே நின்றான்.

கொடி மாறாதவன்தான் வீரன் என்பீர்களேல், இரண்டு பேரைக் காட்டுகிறோம்.

மாபினி உறுதிமொழி தர மறுத்ததால் 1901 ஜனவரியில் குவாம் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். ஈராண்டு தளராது இருந்தவர், 1903 பிப்ரவரியில் உறுதிமொழி அளித்துத் தாயகம் திரும்பினார். பதவி தேடவில்லை, பணம் நாடவில்லை. மூன்று மாதங்களில், மே 13-ல், வாந்திபேதியால் மாண்டார்.

அவரோடு குவாம் சென்றவர் அர்த்தேமியோ ரிக்கார்த்தே. நம்மைப்போல் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவுக்கு ஒரு நாளும் தலைவணங்கவில்லை! சிறை, நாடுகடத்தல், மீண்டும் சிறை, மீண்டும் நாடுகடத்தல். இறுதியில் ஜப்பானில் வாழ்வு. உருக்கு உள்ளம் என்று வியக்கத் தோன்றுகிறதல்லவா? அந்த உருக்கு உள்ளம் 1941 டிசம்பரில் ஜப்பானியப் படையோடு வந்திறங்கிற்று. 1944 இறுதியில் ஜப்பானியருக்குத் துணையாக மக்காப்பிலி என்ற படையைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். 1945 பிப்ரவரியில் மணிலாப் போரில் மாண்ட பொதுமக்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம். ஜப்பானியர் வாளுக்கும் இருதரப்புக் குண்டுகளுக்கும் இரையானவர்கள். அவ்வாண்டு ஜூலை 31-ல் மலைக்காட்டில் நோயுற்று இறந்தார் ரிக்கார்த்தே. உறுதிமொழி இட்டவர் தூயவராக மாண்டார். இடாதவர் கொடுங்கோலருக்குத் துணைபோய் மாண்டார். மாறாமை ஒன்றே மாண்பாகிவிடாது! எதில் மாறவில்லை, யாருக்காக மாறவில்லை என்று பார்த்தாக வேண்டும்.

அகினால்டோவோ நெடுங்காலம் வாழ்ந்தார். 1935 குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, தம் படையில் முன்னர்ப் பணியாற்றிய கேசோனிடம் தோற்றார். 1942-ல் சரணடையும்படி அமெரிக்கத் தளபதி மெக்கார்தருக்கு வானொலியில் வேண்டுகோள் விடுத்தார். 1943 அக்டோபரில் ஜப்பானியர் உருவாக்கிய குடியரசின் கொடியை அவரும் ரிக்கார்த்தேயும் சேர்ந்து ஏற்றினர். போருக்குப்பின் கைது, வற்புறுத்தலுக்குப் பணிந்தேன் என்று விளக்கம், பின்னர் மன்னிப்பு. அடிமைத்தனத்துக்குத் துக்கமாகக் கழுத்தில் அணிந்திருந்த கறுப்புக் கட்டை 1946 ஜூலை 4-ல் நாடு விடுதலை பெற்றபோதுதான் கழற்றினார். 1962-ல் ஜூன் 12 விடுதலை நாளாக அறிவிக்கப்பட்டபோது, கொண்டாட்டத்தைக் காணத் தொண்ணூற்று மூன்று வயதில் உயிரோடிருந்தார். 1964 பிப்ரவரி 6-ல் மறைந்தார். நெடுநாள் அவர் முகத்தைத் தாங்கிய 5 பெசோ நாணயம், 2017-ல் புதிதாக வெளிவந்தபோது போனிபாசியோவின் முகத்தைத் தாங்கிற்று.

நாணயம் முகம் மாறியதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு சிலையை இறக்கி இன்னொன்றை ஏற்றுவதோடு கணக்கு முடிந்துவிடுமா? அகினால்டோவின் துணிவு பொய்யல்ல. அவர் ஏற்றிய கொடி பொய்யல்ல. ஒன்பது நாளில் பணிந்ததும் பொய்யல்ல. எல்லாவற்றையும் அப்படியப்படியே எழுதி வைப்போம். கூட்டிக் கழித்து ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்வது பூசாரி வேலை. அவனுக்குத் தேவன் வேண்டும், இல்லையேல் பேய் வேண்டும்.

பன்ஸ்டன் பலானனில் பிடித்தது ஒரு மனிதரைத்தான். ஆனால் அந்தக் குடியரசு தன் விடுதலையை அந்த ஒரு மனிதர் கையில் வைத்திருந்தது. ஆகவே கையைப் பிடித்தவன் நாட்டையே பிடித்ததாகக் கொண்டாடினான். போனிபாசியோவுக்கு இடமளித்து, லூனாவின் கொலைக்கு நீதி வழங்கி, மாபினியின் சொல்லுக்குச் செவிசாய்த்து, உழவனுக்கு வாக்கும் வயலும் தந்திருந்தால், ஏப்ரல் 19 அறிக்கை ஒரு கைதியின் கடிதமாகவே இருந்திருக்கும். அதைப் படித்த உழவன், "நீர் ஓய்வெடும், ஐயா, போரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லியிருப்பான்.

அப்படிச் சொல்லக்கூடிய தொண்டர்களை உடைய இயக்கமே தலைவர் தவறினாலும் தவறாது. இளைஞர்களே, தலைவர்களைப் போற்றுங்கள். அவர்கள் பட்ட பாட்டை மறவாதீர்கள். ஆனால் உங்கள் கொள்கையை அவர்கள் சட்டைப் பையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பாதீர்கள்!